மூக்குவரை ஏறிய நம்பர்

கடைசிச் சட்டையின் கடைசி நூலை அம்மா பல்லால் கடித்து அறுத்தார்.

"முடிஞ்சுது," என்றார்.

தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த கதிரையிலிருந்து இறங்கி, அப்படியே கம்பளத்தில் படுத்துக்கொண்டார். அறைக்குப் போய்க் கட்டிலில் படுக்கக்கூட அவருக்கு அலுப்பு.

அது 1996ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உலகின் தென்பாதியில் இருக்கும் ஆக்லாந்தில் அப்போது குளிர்காலம். ஹில்ஸ்பரோவின் மேட்டுத் தெருவில் இருந்த அந்தச் சின்ன மரவீட்டின் கூரையில் வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. உள்ளே எல்லோருக்கும் களைப்பு. ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் இடத்தில் இரவு வேலை முடித்துவந்த அப்பா ஏரம்பமூர்த்தி, போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா ரதிதேவிக்கு ஒரு வாரத் தையலில் முதுகு நிமிரவில்லை. பத்து வயதுக் கம்சாயினிக்கு, பிசிறு நூல் வெட்டி வெட்டிக் கட்டைவிரல் சிவந்திருந்தது.

களைப்பே தெரியாத ஒரே ஆள் தம்பி ஆரணன். அவனுக்கு ஐந்து வயது.

"அக்கா! அம்மா ஏன் நிலத்தில படுக்கிறா?" என்று கத்தினான்.

"உஷ்! அப்பா நித்திரை. மெல்லக் கதை."

"சரி!" என்று அதே சத்தத்தில் சொன்னான் ஆரணன்.

சோபா, மேசை, கதிரை என்று எங்கு பார்த்தாலும் மஞ்சள் துணி. எல்லாம் நம்பர் சட்டைகள். பெயர்தான் சட்டை. கையும் இல்லை, பொத்தானும் இல்லை. முன்னுக்கு ஒரு துண்டு, பின்னுக்கு ஒரு துண்டு. தோளில் இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கும். இடுப்பில் இரண்டு பக்கமும் நாடா வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். துண்டுகளில் பெரிய கறுப்பு எழுத்தில் நம்பர் அச்சடித்திருந்தது. வெள்ளைப் பனியில் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் மஞ்சளும் கறுப்பும்.

நாட்டின் தெற்குத் தீவில், வரும் சனிக்கிழமை சிறுவர்களுக்கான பனிச்சறுக்குப் போட்டி. மலையுச்சியிலிருந்து சர்ரென்று இறங்கும் சறுக்கு இல்லை. காலில் நீளப் பலகையும் கையில் இரண்டு கோலுமாக, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, ஓடுவதுபோலச் சறுக்கிப் போகும் நீண்ட பந்தயம். அதற்கான நம்பர் சட்டைகளை வடிவமைத்தவர் பக்கத்தில் உள்ள ஒனேஹங்காவில் சிறிய தையல்கூடம் வைத்திருக்கும் ஷெரில். வெட்டிய துணியை அவர் கொண்டுவந்து கொடுப்பார். அம்மா வீட்டில் வைத்துத் தைப்பார்.

அந்த வீட்டில் யாரும் பனியைத் தொட்டதில்லை. ஐஸ்பெட்டியின் மேல்தட்டைச் சுரண்டிப் பார்த்த ஆரணன் மட்டும், தனக்குப் பனியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அளவு பார்ப்பதற்காக ஷெரில் ஒரு பந்தய உடையையும் கொடுத்திருந்தார். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடை. நீல நிறம். மீனின் உடம்புபோல வழுவழுவென்று இருந்தது. காற்றுப் புகுந்து வேகத்தைக் குறைக்காதபடி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நாளைக் காலை ஷெரில் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

'போகிறதுக்கு முன்னால் ஒருக்கால் போட்டுப் பார்த்தால் என்ன?' என்று கம்சாயினிக்கு ஆசை வந்தது.

குளியலறைக்குள் போய் அதை மாட்டிக்கொண்டு வந்தாள். அதன்மேல் ஒன்பதாம் நம்பர் சட்டையைப் போட்டு, இரண்டு பக்கமும் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"அக்கா தவளை மாதிரி இருக்கிறா!" என்றான் ஆரணன்.

"நீலத் தவளை எங்கயாவது இருக்கோ? சரி, நீதான் நடுவர். 'ரெடி, கோ' சொல்லு."

"ரெடி, கோ!"

கைகளில் இரண்டு துடைப்பக்கட்டைகள், காலில் கம்பளிக் காலுறை. சமையலறையின் வழுக்குத் தரையில் கம்சாயினி சறுக்கினாள். ஷெரில் காட்டிய படத்தில் இருந்த சிறுமியைப்போல முன்னுக்குக் குனிந்து, கட்டைகளைத் தரையில் ஊன்றிப் பின்னுக்குத் தள்ளினாள். ஒருமுறை. இன்னொருமுறை.

நம்பர் சட்டை மெல்ல மேலே ஏறியது. வழுவழுத்த உடையில் நாடா முடிச்சு நிற்கவே இல்லை. முதலில் நெஞ்சுக்கு வந்தது. பிறகு கழுத்துக்கு வந்தது. நான்காவது தள்ளலில் ஒன்பதாம் நம்பர் மூக்குவரை வந்து கண்ணை மறைக்க, கம்சாயினி அழுக்குத்துணிக் கூடையில் போய் விழுந்தாள்.

ஆரணன் கைதட்டினான். "அக்காதான் ஃபர்ஸ்ட்!"

கம்சாயினி சிரிக்கவில்லை. எழுந்து மறுபடி கட்டினாள். மறுபடி சறுக்கினாள். மறுபடி மேலே ஏறியது. ஒரு பக்கத்து நாடா அவிழ்ந்து துடைப்பக்கட்டையில் சுற்றிக்கொண்டது. பனியில் எல்லோரும் கையுறை போட்டிருப்பார்களே என்று, அப்பாவின் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு அதை முடிச்சுப் போடப் பார்த்தாள். விரலுக்குள் நாடா அகப்படவே இல்லை.

பந்தய உடையை மாட்டிக் கழற்றப் பொழுதில்லாமல், வாரம் முழுக்க அம்மா அளவு பார்த்தது கம்சாயினியின் கம்பளிச் சட்டைக்கு மேல். கம்பளியில் துணி ஒட்டிக்கொண்டு நின்றது. இந்த உடையில் நிற்காது.

கூடத்தை எட்டிப் பார்த்தாள். அம்மா இன்னும் கம்பளத்திலேயே கிடந்தார். கண் மூடியிருந்தது. ஒரு கை மட்டும், கனவிலும் துணி தள்ளுவதுபோல மெல்ல அசைந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்குத் தெரியும்? நாடா வைக்கச் சொன்னது ஷெரில். அம்மா சொன்னபடிதான் தைத்தார். இப்போது போய்ச் சொன்னால், தைத்ததெல்லாம் மறுபடி அம்மாவின் தலையில்தான் விழும்.

ஆனால் எங்கோ குளிரில், இதே ஒன்பதாம் நம்பரைப் போட்ட ஒரு பிள்ளை நடுவழியில் நின்று, விறைத்த விரலால் நாடாவோடு மல்லுக்கட்டும். மற்றவர்கள் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள்.

கம்சாயினிக்கு அழுகை வரும்போல இருந்தது. அவளுக்கும் களைப்புத்தானே!

'சொல்லத்தான் வேணும். ஆனால் வெறுங்கையோடு போய்ச் சொல்லக்கூடாது,' என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மாவின் தையல் பெட்டியைச் சத்தமில்லாமல் திறந்தாள். பாவாடைக்குப் போடும் இலாஸ்டிக் கொஞ்சம் இருந்தது. அதில் இரண்டு துண்டு வெட்டி, நம்பர் சட்டையின் முன்துண்டையும் பின்துண்டையும் இரண்டு பக்கமும் இணைத்து, சேஃப்டி பின் கொண்டு குத்தினாள். தலைவழியாகப் போட்டாள். இடுப்பை இலாஸ்டிக் கவ்விப் பிடித்தது. இந்த முறை சமையலறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சறுக்கினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், கட்டைகளை ஓங்கித் தள்ளினாள்.

ஒன்பதாம் நம்பர் அசையவில்லை. தைத்த எதையும் பிரிக்கவும் வேண்டியதில்லை. நாடாவை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இலாஸ்டிக்கை வைத்து அடித்தால் போதும்.

அம்மா கண் விழிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். அம்மா எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

"அவ சொன்ன மாதிரித்தானே தைச்சனான்?" என்றார் கடைசியில். குரலில் கோபம் இருந்தது. "இனி அது அவவின்ர பாடு. என்னால ஏலாது, பிள்ளை."

"ஓம் அம்மா. ஆனா ஓடப்போற பிள்ளையளுக்கு அது தெரியாதே."

கம்சாயினி அப்பாவின் கையுறையை நீட்டினாள்.

"ஒருக்கால் இந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு நாடாவை முடிஞ்சு பாருங்கோ. ஒருக்கால் மட்டும்."

அம்மா வேண்டாவெறுப்பாகப் போட்டுக்கொண்டார். முயன்றார். நாடா நழுவியது. மறுபடி முயன்றார். மூன்றாவது தடவை பல்லால் பிடித்து இழுத்தார். முடிச்சு விழுந்தது. ஆனால் கையுறையின் ஒரு விரலும் அதற்குள் மாட்டிக்கொண்டது.

ஆரணன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. களைத்துப்போன சிரிப்பு.

"போன் எடு," என்றார். "நீயே கதை. எனக்கு இப்ப இங்கிலீஷ் வராது."

கம்சாயினி எண்களை அழுத்தினாள். ஷெரிலுக்குக் கோபம் வந்து, இனிமேல் அம்மாவுக்கு வேலை தராவிட்டால்? ஆனாலும், மூக்குவரை சட்டை ஏறியதையும் கூடையில் விழுந்ததையும் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

மறுபக்கத்தில் ஒரு நாய் குரைத்தது.

"நான் அதை என் ஸ்வெட்டர்மேல் போட்டுத்தான் பார்த்தேன்," என்றார் ஷெரில் மெதுவாக. "அந்த உடைமேல் பார்க்கவே இல்லை. இலாஸ்டிக் எவ்வளவு வேண்டும், கம்சாயினி?"

சிறிது நேரத்தில் ஷெரில் வந்தார். ஒரு கையில் பெரிய இலாஸ்டிக் சுருள். காலில் வீட்டுச் செருப்பு. அவசரத்தில் மாற்ற மறந்துவிட்டாராம். அவர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

அம்மாவிடம், "மன்னித்துக்கொள், ரதி," என்றார். அதைக் கம்சாயினி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஷெரில் நாடாக்களை வெட்டினார். கம்சாயினி இலாஸ்டிக்கை அளந்து சேஃப்டி பின் குத்தினாள். அம்மா மெஷினில் அடித்தார். வாசலில் நின்ற ஆரணன் ஒவ்வொரு நம்பரையும் உரக்கக் கூவி அறிவித்தான். அதில் அப்பாவும் எழும்பிவிட்டார். நடந்ததைக் கேட்டவர் நேரே அடுப்படிக்குப் போய், ரொட்டி சுட்டு, தேங்காயும் மிளகாயும் போட்டுச் சம்பல் இடித்து, எல்லோருக்கும் தேத்தண்ணீரும் ஊற்றிக்கொண்டு வந்தார்.

சம்பலை வாயில் வைத்த ஷெரிலின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"ஏன் அழுகிறா?" என்று கேட்டான் ஆரணன். கம்சாயினி அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அழவில்லை," என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார் ஷெரில். "இப்போதுதான் நன்றாக விழித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் போடுங்கள்."

இருட்டும் நேரத்துக்கு எல்லாச் சட்டைகளும் பெட்டிக்குள் போயின. கடைசிச் சட்டையை மடித்து வைத்தபோது யாருக்கும் 'முடிந்தது' என்று சொல்லக்கூடத் தெம்பு இல்லை. மறுநாள் பள்ளியில், டீச்சர் கதை வாசித்தபோது கம்சாயினி கண் அயர்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் இடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் போன் மணி அடித்தது. கம்சாயினி ஓடிப்போய் எடுத்தாள்.

"ஒன்றுகூட மேலே ஏறவில்லையாம்!" ஷெரிலின் குரல் துள்ளியது. "எல்லா நம்பரும் கடைசிவரை தெளிவாகத் தெரிந்ததாம். ஒன்பதாம் நம்பர் பிள்ளை பாதிவழியில் விழுந்தாளாம். எழும்பி ஓடி முடித்தாளாம். இனி எது தைத்தாலும் முதலில் நீதான் போட்டுப் பார்க்க வேண்டும். சரியா?"

"சரி அன்ரி!"

போனை வைத்துவிட்டு, "அம்மா!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்கு ஓடினாள் கம்சாயினி. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சோபாவில் உட்கார்ந்தபடியே அம்மா தூங்கிப் போயிருந்தார்.

கம்சாயினி பூனைபோல நடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் சாய்ந்தது. நல்ல பாரம். கொஞ்ச நேரத்தில் கை விறைக்கத் தொடங்கியது. அவள் அசையவில்லை.

செய்தி எங்கே ஓடிவிடப் போகிறது? அம்மா ஆறுதலாக எழும்பட்டும்.