வெறுந்தூளி

பொய் சொல்வதையே தொழிலாக வைத்துக்கொண்டு, ஒருவருக்கும் கெடுதல் இல்லாமல், உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கும் வழியை ஒரத்தநாடு வட்டாரத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தவன் தான்தான் என்பதில் இளம்பரிதிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கருத்துக்கணிப்புச் செயலி கேட்கும், இவன் சொல்வான், காசு வரும். ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வயலில் முப்போகம்.

அன்று மத்தியானம் வந்த கேள்வியில்தான் ஏதோ இடறியது.

‘குந்தவை இப்போது நன்றாகத் தூங்குகிறாளா?’

செயலிக்கு அவன் எந்தக் குழந்தையின் பெயரையும் கொடுத்ததில்லை.

முதல் வாரம் உண்மையைத்தான் எழுதினான். வயது இருபத்து மூன்று, வேலை இல்லை, கார் இல்லை, கிரெடிட் கார்டு இல்லை. ‘மன்னிக்கவும், இந்த ஆய்வுக்கு நீங்கள் தகுதியானவர் அல்லர்’ என்றே பதில் வந்துகொண்டிருந்தது. அரசு வேலைக்கு எழுதிய பரீட்சைகள்கூட அவனை இவ்வளவு மரியாதையாகக் கழித்துக்கட்டியதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத்தான் மவுசு என்று பிறகு தெரிந்தது. பால்மாவு, டயாப்பர், சோப்பு. ஆகவே ஒரு பெண் குழந்தையை எழுதிச் சேர்த்தான். பிறந்த தேதி கேட்டபோது நினைவில் இருந்த ஒன்றைத் தட்டினான். அது அக்கா செம்மொழியின் குழந்தை பிறந்த தேதி. உயிரோடு இருந்திருந்தால் இப்போது எட்டு மாதம்.

இருந்தது பத்தொன்பது நாள். பெயர் குந்தவை.

குழந்தை போன பிறகும் அக்கா தூளியை அவிழ்க்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் இவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“வெறுந்தூளிய ஆட்டுனா புள்ளைக்கு வயித்து வலி வரும்பாங்க. இங்க யாருக்குக்கா வரப்போவுது? காத்துக்கா?”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அக்கா எழுந்தாள். முடிச்சை அவிழ்த்து, சேலையை நாலாக மடித்து, பெட்டிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அவனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

செல்போனில் இருப்பதையெல்லாம் மேய்கிற செயலி, பெயரையும் எங்காவது பொறுக்கியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு ‘ஆம்’ என்பதை அழுத்தினான்.

‘அவள் தூங்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பினால் ஐந்நூறு ரூபாய்.’

அம்மாவும் அக்காவும் நாற்றங்காலைச் சமன்படுத்தப் போயிருந்தார்கள். பெட்டியைத் திறந்தான். அதே நீலச் சேலை. ஹாலில் கூரைக் கொக்கியில் கட்டினான். உள்ளே கனம் இல்லாமல் தொங்கினால் எவனும் நம்ப மாட்டான். மூலையில், அம்மா ஊறவைத்துச் சாக்கில் கட்டி, முளைவிடுவதற்காக வைக்கோல் போட்டு மூடியிருந்த விதைநெல் இருந்தது. எட்டுக் கிலோ இருக்கும். தூக்கித் தூளிக்குள் கிடத்தினான். முளைகட்டும் நெல்லுக்கு உடம்புச் சூடு. புளித்த பாலைப் போல ஒரு வாடை. சேலை கனத்து இறங்கி, உள்ளே ஒன்று முடங்கிப் படுத்திருப்பதைப் போலவே உப்பி நின்றது. படத்தை அனுப்பிவிட்டு, தன் திறமையை மெச்சிக்கொண்டே டீ குடிக்கப் போனான்.

திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. வாசற்படியில் கால் வைத்ததும் அந்தப் புளித்த வாடை முன்னைவிட அடர்த்தியாக, கொஞ்சம் பவுடர் மணமும் கலந்து மூக்கில் ஏறியது. ஃபேன் ஓடாத ஹாலில், ஜன்னல் சாத்தியிருந்த புழுக்கத்தில், கூரைக் கொக்கி கிரீச், கிரீச் என்று, தூக்கத்தில் பல் கடிப்பதைப் போல, விட்டுவிட்டு முனகிக்கொண்டிருந்தது. தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அடியில் தரையில் ஈரம் சொட்டியிருந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்தான். நெல்லுக்கு வந்திருக்கும்.

போன் அடித்தது. அக்கா.

“பெட்டிய நீதான் தொறந்தியா?”

“சும்மாக்கா. ஒரு போட்டோவுக்கு.”

அந்தப் பக்கம் அக்கா வேகமாக நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

“அம்மா சொல்லுச்சு. விதைய எடுக்க வீட்டுக்கு வந்தப்ப அது தூளில கெடந்துச்சாம். நான் வந்துகிட்டு இருக்கேன். வர்றதுக்குள்ள அவுத்து வெச்சிரு. கட்டியிருக்கறத மறுபடி பாத்தா எனக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியல.”

“அம்மா விதைய எடுத்துட்டாங்களா?”

“வெதச்சே முடிச்சாச்சுடா.”

போனைக் காதிலிருந்து எடுத்தான். தூளியைப் பார்த்தான்.

உப்பித்தான் இருந்தது.

ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

செல்போன் திரை தானாக வெளிச்சமானது.

‘அவள் விழித்துவிட்டாள். ஆட்டுகிறீர்களா?’

‘இல்லை’ என்பதை அழுத்தினான். அந்தச் செயலிக்கு வெகு நாளைக்குப் பிறகு அவன் சொன்ன உண்மை.

கொக்கியின் முனகல் நின்றது. தூளி நின்றது.

உள்ளே ஒரு விசும்பல்.

மெல்லியது. ஈரமானது. அழுகைக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்கிற விசும்பல்.

தெருவில் செருப்புச் சத்தம். அக்காவின் நடை. அவனுக்குத் தெரியும். இந்தச் சத்தம் அவள் காதில் விழக்கூடாது. விழுந்தால் அவள் ஓடி வருவாள். உள்ளே இருப்பதை எடுப்பாள். எதுவாக இருந்தாலும் எடுப்பாள். மார்பில் போட்டுக்கொள்வாள். பிறகு கீழே விடவே மாட்டாள்.

விசும்பல் உயர்ந்தது.

வாசலில் குழாயைத் திறக்கும் சத்தம். அக்கா கால் கழுவுகிறாள்.

அவன் முட்டி போட்டான். கை நீட்டினான். சேலை விளிம்பைத் தொட்டான். சூடு.

மடிப்பு விலகியது. முளைவிட்ட நெல்லைப் போல வெளுத்து, நனைந்து, ஐந்து சின்ன விரல்கள் வெளியே வந்தன. அவன் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தன. இறுக்கின.

விசும்பல் அடங்கியது.

குழாய் நின்றது.

இளம்பரிதி தூளியை ஆட்டினான். மெதுவாக. கொக்கி சத்தம் போடாத அளவுக்கு.