சறுக்கு மேட்டுப் புரட்சி

ரண்டர்ஸ் நகரில், யசிந்தாவின் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சறுக்கு மேடு இருந்தது. பனி கொட்டிய முதல் நாளே ஏழாம் வகுப்புக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். யசிந்தாவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போனால் விரட்டினார்கள். அவளோடு படிக்கும் டெனிஸ்ரனின் சறுக்குப் பலகையை உடைத்தும் விட்டார்கள்.

அவ்வளவுதான், ஐந்தாம் வகுப்பில் புரட்சி வெடித்தது. தலைவன் டெனிஸ்ரன். பனி உருண்டையைத் தண்ணீரில் நனைத்து இரவு முழுக்க வெளியே வைத்தால் கல்லாகிவிடும் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். அதை எறிய யசிந்தாவை விட்டால் ஆளில்லை. பந்தைக் கையால் எறியும் ஹாண்ட்போல் விளையாட்டில் அவள் குறி தப்பாது.

"நாளைக்கு நீதான் முன்னுக்கு நிக்கவேணும்," என்றான் டெனிஸ்ரன். "வராட்டி நீ எங்கட ஆள் இல்லை."

யசிந்தாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவள் வீட்டார் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். எந்தக் காரணத்துக்காகவும் போர் செய்யக்கூடாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஞாயிறுதோறும் ஓர் அறையில் வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். யாருக்காவது உண்மையாக ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல்வார்கள். கடைசியில் பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்கினால் கூட்டம் முடிந்தது. யசிந்தா பாதி நாள் அங்கே தூங்கிவிடுவாள், அது வேறு விஷயம்.

ஆனால் டெனிஸ்ரனின் பக்கம் நியாயம் இருந்தது. அவளுக்கும் எறிய ஆசையாகத்தான் இருந்தது.

"நியாயமான சண்டையும் கூடாதோ அம்மா?" என்று கேட்டாள்.

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். "எனக்கும் முழுக்கத் தெரியாது பிள்ளை. அதாலதான் அங்க போய்ப் பேசாமல் இருக்கிறன்."

இதென்ன பதில் என்று யசிந்தாவுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் இடைவேளையில் டெனிஸ்ரனின் படை மேட்டின் கீழே கூடியது. அவன் ஓர் உருண்டையை அவள் கையில் வைத்தான். மேலே நின்ற பெரிய பையன் மிக்கலின் நெற்றி நன்றாகத் தெரிந்தது. எறிந்தால் பட்டுவிடும். பட்டால் இரத்தம் வரும்.

யசிந்தா உருண்டையைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று ஏறி, சறுக்கும் பாதையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பயந்தாங்கொள்ளி," என்று கத்தினான் டெனிஸ்ரன். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் எழும்பவில்லை.

இப்போது மேலே இருப்பவர்கள் சறுக்க முடியாது. கீழே இருப்பவர்கள் எறிந்தால் அவள்மேல் படும். இரண்டு படைக்கும் கால் விறைக்கத் தொடங்கியது. கடைசியில் மிக்கல் இறங்கி வந்தான்.

"எவ்வளவு நேரம் இப்படியே இருப்பாய்?"

"யாராவது உண்மையாக ஏதாவது சொல்லும்வரை."

மிக்கல் பக்கத்தில் குந்தினான். வெகுநேரம் பேசவில்லை. அவன் மூக்கு ஒழுகியது.

"பலகையை நான் வேண்டுமென்றுதான் உடைத்தேன்," என்றான். "டெனிஸ்ரன் என்னைவிட வேகமாகச் சறுக்கினான்."

கீழே நின்ற டெனிஸ்ரனுக்குக் காது நீண்டது. மெல்ல ஏறி வந்து, தன் கையிலிருந்த உருண்டையை மிக்கலிடம் கொடுத்தான். "இது பனி இல்லை, ஐஸ். உன்மேல் எறிய வைத்திருந்தோம்."

மிக்கல் அதை விரலால் தட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. உருண்டையைப் புதருக்குள் வீசிவிட்டு, தன்னுடைய சறுக்குப் பலகையை டெனிஸ்ரனிடம் தள்ளினான். எல்லோரும் மாறி மாறிச் சறுக்கலாம் என்றான்.

கூட்டம் முடிந்தது. யசிந்தா இருவரிடமும் கைகளை நீட்டினாள். குலுக்கத்தான் நீட்டினாள். ஆனால் அவள் கால் இரண்டும் மரத்துப்போயிருந்ததால், மிக்கலும் டெனிஸ்ரனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளைத் தூக்கிவிட வேண்டியிருந்தது.