பத்தொன்பதாவது வரிசை

சோலார் பண்ணையின் கேட்டில் அவள் பைக்கை நிறுத்தியபோது மணி பதினொன்றரை. வெயில் உச்சிக்கு ஏறினால்தான் பேனல்கள் முழு வேகத்தில் மின்சாரம் தரும். பழுது இருந்தால், அவள் சோதிக்கக் கொண்டுவந்த வெப்பக் கேமராவில் அப்போதுதான் துல்லியமாகத் தெரியும்.

காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, "தனியாவா வந்தீங்க?" என்றார்.

"எப்பவும் தனியாத்தான்."

வீட்டிலும் அப்படித்தான். அம்மா போய் மூன்று வருடமாகிறது. சில ஞாயிறுகளில் வாயைத் திறக்காமலே பொழுது சாய்ந்துவிடும்.

முதல் பதினெட்டு வரிசைகளிலும் குறை இல்லை. கேமராத் திரையில் பேனல்கள் ஒரே ஊதா நிறமாக நீண்டு கிடந்தன. எங்கோ இன்வெர்ட்டர் ரீங்கரித்தது. காய்ந்த புல்லின் வாடை. அத்தனை பெரிய வெளியில் ஒரு காக்கைகூட இல்லை.

பத்தொன்பதாவது வரிசையின் கடைக்கோடியில் ஒரு பேனல் மட்டும் வெள்ளையாகக் கொதித்தது. தொண்ணூறு டிகிரி. பேனலின் ஓரிடத்தில் நிழல் விழுந்தால் அந்த இடம்தான் இப்படிச் சுடும். இலையோ, பறவை எச்சமோ என்று போய்ப் பார்த்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

பழைய இடத்துக்கு வந்து மறுபடி கேமராவை உயர்த்தினாள். சூடு அடுத்த பேனலுக்கு வந்திருந்தது.

பிறகு அதற்கும் அடுத்ததற்கு.

சூரியனுக்கும் பேனலுக்கும் நடுவில் யாரோ நிதானமாக நடந்து வருவதுபோல. கேமராவை இறக்கினால் வெறும் வெயில். ஏற்றினால் அந்த வெள்ளைத் திட்டு நெருங்கிக்கொண்டே இருந்தது. தலை. தோள். இடுப்பில் ஊன்றிய ஒரு கை.

அவளுக்கு நேரெதிரே வந்து நின்றது.

"அசையாதீங்கம்மா." பின்னாலேயே வந்திருந்த காவலாளி கிசுகிசுத்தார். "புது ஆளுங்கன்னா நின்னு பார்ப்பா. அவ்வளவுதான்."

"யாரு?"

"என் வீட்டுக்காரி. பேனல் தொடைக்கிற வேலை. இங்கதான் வெயில்ல சுருண்டு விழுந்தா. நான் கேட்டுப் பக்கம் கண்ணசந்துட்டேன்." அவர் பேனலின் விளிம்பை வருடினார். "ரிப்போர்ட்ல எழுதிடாதீங்கம்மா. இதைக் கழட்டிப் போட்டுட்டா அவ எங்க போவா? எனக்குப் பேச வேற யாரு இருக்கா?"

அவள் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சூட்டில் என்றாவது தீப்பிடிக்கும். பிடித்தால் பக்கத்தில் இருக்கப் போவது அந்த மனிதர்தான். மூன்றாம் நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினாள்: வரிசை முழுவதையும் மாற்ற வேண்டும்.

மாற்றினார்கள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டு மேசையில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அம்மா, புதுப் பேனல் போட்டு நாலு நாளாச்சு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். அவ இல்லம்மா." காவலாளியின் குரல் உடைந்தது. "ஒருவேளை... அங்க வந்தாளா?"

போனைக் காதோடு அணைத்தபடியே கேமராவை மேசையின் எதிர்ப்பக்கம் திருப்பினாள். யாரும் உட்காராத நாற்காலி. திரையில் அதன் பலகை மஞ்சளாக ஒளிர்ந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன சூடு.

ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. பயம்தான். அதற்கும் அடியில், வெளியே சொல்ல வெட்கப்படும்படியாக, இன்னொன்று கிடந்தது. இந்த வீட்டில் இன்று அவள் தனியாக இல்லை.

"வந்தாளாம்மா? சொல்லுங்க."

"இல்லையே," என்றாள்.

மறுமுனையில் நீண்ட மூச்சு. பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

திரையில், மேசைமேல், அவள் கைக்குப் பக்கத்தில் ஐந்து விரல்கள் மெல்லச் சிவந்து, மஞ்சளாகி, வெள்ளையாயின.

பிறகு அவை அவள் மணிக்கட்டை நோக்கி நகர்ந்தன.