ஐந்தாம் நாள் விக்கல்

பகவதிப்பெருமாளுக்கு விக்கல் பிடித்தது ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு. யாரோ நினைக்கிறார்கள் என்று மனைவி சொர்ணம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மகள் திவ்யலட்சுமியாகத்தான் இருக்கும். இருபது நாளில் அவளுக்கு ஆவணியில் கல்யாண முகூர்த்தம். ஆனால் ஸ்ரீவராகத்து வீட்டில் இருக்கிற ஒருத்தி எவ்வளவு நேரம்தான் நினைப்பாள்? பதினொன்றரைக்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே தம்பானூர் பஸ்களின் இரைச்சலுக்கும், தலைக்கு மேல் முனகிய விசிறிக்கும், வராந்தாவிலிருந்து வந்த டெட்டால் வாடைக்கும் நடுவே அது ஒரே அளவாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் வயிற்றின் மேல் போர்வை ஒரு விரற்கடை எழுந்து அடங்கியது.

மலக்குடலில் புற்று. கட்டியை வெட்டியெடுத்து, குடலின் இரண்டு முனைகளையும் வெகு கீழே தைத்து இணைக்க வேண்டும் என்று டாக்டர் வன்னியராஜ் முன்பே விளக்கியிருந்தார். ஏற்கெனவே கதிர்வீச்சுக் கரண்டு வைத்த குடல், தையல் விட்டுப்போகலாம். அது ஆறும் வரை மூன்று மாதம் வயிற்றில் துளை போட்டு மலத்தைப் பையில் இறக்கலாம். வைப்பது நல்லது, கட்டாயம் என்றும் சொல்ல முடியாது, உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டார். பகவதிப்பெருமாள் எதையும் மனைவியின் வாயால் பேசியே பழகியவர். "பை இருந்தா இருந்துட்டுப் போட்டும், உசிரு கெடந்தாப் போரும். நீயே டாக்டர்ட்ட சொல்லிரு" என்றார்.

அவள் போய்ச் சொன்னாள். "அவருக்குப் பை வேண்டாமாம், டாக்டர்."

மலத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்து தாரை வார்ப்பதா? நாகர்கோவில் சம்பந்தி மூக்கைப் பொத்தினால்? கல்யாணத்தைத் தள்ளி வைத்தால் அதற்கும் பேசுவார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. மூன்றே மாதத்துக்கான பை, அது இல்லாமலே பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தவர், விலாவில் இருந்து ரத்தநீர் இறங்கும் குழாயையும் அதன் பையையும் தடவி, இதுதானா அந்தப் பை என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு அந்தப் பையில் நீர் கலங்கியது. நாற்றம் வந்தது. உள்ளே தையல் விட்டுப்போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸிடம் சொன்னால் டாக்டர் வருவார், வயிற்றைத் திரும்பத் திறப்பார், துளை போடுவார். அவள் சொன்ன பொய்யும் வெளியே வரும். ஜன்னலை விரியத் திறந்தாள். ஊதுபத்தி கொளுத்தினாள். பையின் மேல் துண்டைப் போட்டாள். நர்ஸ் எட்டிப் பார்த்து, சேச்சி, தொந்தரவு ஒன்றும் இல்லையே என்று மலையாளத்தில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், வெறும் விக்கல். இப்பதான் கண்ணசந்தாரு."

இரண்டு மணி. தோள் கடுக்கிறது என்றார். நெற்றி கொதித்தது. வயிறு பலகையாக இறுகியிருந்தது. எழுந்து நர்ஸைக் கூப்பிட நினைத்தாள். பயமாக இருந்தது. உட்கார்ந்தாள். ஊதுபத்தியை மீறிய நாற்றம். விக்கல்.

"சொர்ணம், பை ஒழுகுது போலருக்கே. நனையுது."

போர்வையை விலக்கினாள். நடுவயிற்றில் கட்டுத்துணி ஊறி நகர்ந்திருந்தது. தையல் நூல்கள் விட்டிருந்தன. காயம் வாய் திறந்திருந்தது. விக்கலுக்கு விக்கல் பழுப்பாகப் பொங்கியது. குமிழியிட்டது.

கத்த நினைத்தாள்.

கண்ணைத் திறக்காமலே அவர் கை பையைத் தேடி வயிற்றில் ஊர்ந்தது. "எங்க இருக்கு? நானே சரியா மாட்டிக்கிடுதேன்."

தொப்புளைத் தாண்டியது. ஈரத்தில் வழுக்கியது. இரண்டு விரல்கள் உள்ளே போயின. விக்கல். இன்னும் உள்ளே போயின.

தேடிக்கொண்டிருந்தன.