இரண்டு பேருந்துகளும் நின்ற இடம்

மிளகு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர். ஆள் சிறியவள்தான், வாயைத் திறந்தால் காரம்.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் பேருந்து ஓட்டுநர்கள். ஒரே சாலை, எதிரெதிர்த் திசை. அம்மா விடியற்காலையில் கிளம்பி மாலையில் வருவாள். அப்பா மதியம் கிளம்பினால் மிளகு தூங்கிய பிறகுதான் வருவார். விடுமுறையாவது சேர்ந்து வருமா என்றால் அதுவும் இல்லை. அவருக்குச் செவ்வாய், அம்மாவுக்கு வெள்ளி. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று மிளகு எண்ணிப் பார்த்தாள். விரல்கள் போதவில்லை. அழுகை வந்தது.

பள்ளி விட்டதும் வாசலில் நிற்பாள். நாலு பத்துக்கு அம்மாவின் பேருந்து வரும். நாலு பதினாலுக்கு எதிர்ப்பக்கம் அப்பாவின் பேருந்து வரும். இருவரையும் ஒரு கையசைப்பு நேரம் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அன்று கணக்கு டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். நேரான சாலையில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வருகின்றன. இடையே 150 மீட்டர். ஒன்று நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது, பிரேக் போட்டால் சீராகக் குறைந்து 10 நொடியில் நிற்கும். மற்றது நொடிக்கு 10 மீட்டர், நிற்க 6 நொடி. இரண்டும் ஒரே நேரத்தில் பிரேக் போட்டால் மோதுமா?

வேகம் சீராகக் குறைந்தால் சராசரி பாதி என்று மிளகுக்குத் தெரியும். பத்துப் பத்து நூறு மீட்டர். அத்தோடு நிறுத்திவிட்டு, "மோதும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

டீச்சர் நோட்டைப் பார்த்தார். "ஒரு பஸ்ஸுக்குத்தான் பிரேக் போட்டிருக்க. இன்னொண்ணு ஓடிட்டே இருக்கே?"

"எங்க வீட்ல அப்படித்தான் டீச்சர். ரெண்டும் ஒண்ணா நிக்காது."

டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, இரண்டையும் நிறுத்திப் பார்க்கச் சொன்னார்.

மிளகு இரண்டாவதையும் நிறுத்தினாள். ஐந்து ஆறு முப்பது. நூறும் முப்பதும் நூற்று முப்பது. மோதவில்லை, இடையே இருபது மீட்டர் மிச்சம். இருபது மீட்டர்தானே, இறங்கி நடந்தால் போதுமே என்று நினைத்தவளுக்கு அம்மா, அப்பாவின் ஓய்வு நேரம் நினைவுக்கு வந்தது.

ஓட்டுநர்களுக்கு நடுவழியில் பத்து நிமிட ஓய்வு உண்டு. எந்த நிறுத்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அம்மா மருத்துவமனை நிறுத்தத்தில் எடுப்பாள், அப்பா சந்தை நிறுத்தத்தில். காரணம் ஒன்றுதான், அவரவர் நிறுத்தத்தில்தான் டீ நன்றாக இருக்குமாம்.

மாலையில் மிளகு இரண்டு தாள்களில் ஒரே கணக்கை எழுதினாள். 'அம்மா 4:10 முதல் 4:20. அப்பா 4:14 முதல் 4:24. இடம்: பள்ளி நிறுத்தம். சேர்ந்திருக்கும் நேரம்: ஆறு நிமிடம்.' ஒன்றை அம்மாவின் சாப்பாட்டுப் பையில் வைத்தாள், மற்றதை அப்பா மறுநாள் போடும் சட்டையின் பையில்.

மறுநாள் நாலு பத்துக்கு அம்மாவின் பேருந்து வந்து நின்றது. அம்மா இறங்கினாள். மிளகு எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சட்டையை மாற்றியிருந்தால்? பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

பதினாலுக்குப் பிரேக் சத்தம் கேட்டது. அப்பா தாளை ஆட்டிக்கொண்டே சாலையைக் கடந்து வந்தார்.

நிறுத்தத்துப் பெஞ்சில் இருவருக்கும் நடுவில் மிளகு உட்கார்ந்தாள்.

"இளைச்சுட்டீங்க" என்றாள் அம்மா.

"நீயும்தான்" என்றார் அப்பா.

ஆறு நிமிடம் ஆனதும் அம்மா பேருந்தின் கண்டக்டர் விசில் கொடுத்தார். அம்மா எழுந்து, "நாளைக்கும் இதே கணக்குதானே?" என்று கேட்டாள்.

"இதே கணக்குதான்" என்றாள் மிளகு. "டீ மட்டும் யாராவது வாங்கிட்டு வாங்க."