முப்பத்தெட்டுப் புகார்கள்

“நாளைக்குள்ள சரியாகலைன்னா ஆஸ்பத்திரிக்காரங்க எங்களைக் கைகழுவிடுவாங்க, சார்,” என்றாள் லேப்காரம்மா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

பன்னிரண்டு வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைகள் அவளுடைய சின்ன லேப்பில்தான் நடக்கின்றன. வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் மெயிலில் அனுப்பும் முடிவுகளெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன.

“இத்தனை வருஷத்துல ஒரு ரிசல்ட் லேட்டானதில்லை. போன செவ்வாய்க்கிழமை ரோட்டைத் தோண்டறவங்க இன்டர்நெட் கேபிளை வெட்டிட்டாங்க. அன்னிக்குக்கூட அச்சடிச்சு நானே ஆட்டோல கொண்டுபோய்க் கொடுத்தேன்!”

எதிரே இருந்தவர் வங்கிக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. கம்ப்யூட்டரில் சிக்கல் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் தேடி வருவது அவர் வீட்டுக்குத்தான். யாராவது அழுதால்கூட நிதானமாகக் கண்ணாடி துடைப்பார். அவசரமெல்லாம் அவர் மனைவிக்குத்தான். கணக்கு டீச்சராக இருந்தவர், வருகிறவர் காரணம் சொல்லும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடுவார்.

காரை நிறுத்திவிட்டு வந்த தம்பி, அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்தான். லேப்பின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவன் பொறுப்பு. கையோடு கொண்டுவந்த காகிதங்களை நீட்டினான்.

“எங்க லேப் இன்டர்நெட் இணைப்போட அடையாள நம்பர், அதான் ஐபி முகவரி, அதை ஒரு தளத்துல தட்டிப் பார்த்தேன், சார். எந்த முகவரியிலேர்ந்து வைரஸ், குப்பை மெயில்னு தொல்லை வருதுன்னு ஜனங்க புகார் எழுதற இடம். எங்க மேல ரெண்டு வாரத்துல முப்பத்தெட்டுப் புகார். அதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் எங்களைத் தடுக்குது. ரிசப்ஷன் பொண்ணு கண்ட மெயிலையும் திறந்து வைரஸை உள்ள விட்டிருக்கா.”

அவன் பேச்சை நம்பி, சனிக்கிழமையே அந்தப் பெண்ணை வேலைக்கு வர வேண்டாமென்று வீட்டில் உட்கார வைத்துவிட்டாள் அக்கா.

“அவளேதான்!” என்றார் டீச்சர். “இல்லேன்னா போட்டி லேப்.”

அதிகாரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். “தொல்லை நடந்த நேரமும் போட்டிருக்கே. போன செவ்வாய்க்கிழமை பதினொண்ணுலேர்ந்து ரெண்டு மணிக்குள்ள மட்டும் ஆறு புகார். அம்மா, கேபிள் எப்போ சரியாச்சு?”

“காலையில பத்து மணிக்குப் போனது, சாயந்திரம் நாலு மணிக்குத்தான் வந்தது.”

தம்பி சட்டென்று நிமிர்ந்தான். “எந்தக் கேபிள்?”

அதிகாரி காகிதங்களைக் கீழே வைத்தார்.

“இணைப்பே இல்லாத இடத்திலேர்ந்து எப்படித் தொல்லை போகும்?” என்றார் அதிகாரி. “வைரஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. புகார்தான் பொய். அங்கே யார் வேணா எழுதலாம், பத்துப் பேர்ல எழுதலாம். எழுதின ஆளுக்கு உங்க ஐபி தெரியும். ஆனா அன்னிக்கு இணைப்பு செத்துக் கிடந்தது தெரியாது.”

“போட்டி லேப்புக்கு அந்த ஐபி நம்பர் தெரியாதே,” என்றார் டீச்சர், சுருதி இறங்கி. “ரிசப்ஷன் பொண்ணு...”

“கேபிள் போச்சு, மெயில் வராதுன்னு அன்னிக்கு முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போன்ல மன்னிப்புக் கேட்டதே அவதான்,” என்றாள் லேப்காரம்மா மெதுவாக.

“தம்பி அன்னிக்கு?” என்றார் அதிகாரி.

“லீவு. ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு நாள். சொன்னா பதறிக்கிட்டு ஓடி வருவான், பாவம், நிம்மதியா இருக்கட்டும்னு... கேபிள் விஷயத்தை அவன்கிட்ட யாரும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன்.”

சொல்லி முடித்ததும் அவள் தம்பி பக்கம் திரும்பினாள். அவன் ஓய்வெடுக்கட்டும் என்று அவள் பொத்திக் காத்த அந்த மூன்று மணி நேரமும் அவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.

“அக்கா, ஆஸ்பத்திரியிலேயே லேப் வைக்கலாமான்னு யோசிக்கறாங்க,” என்றான் அவன், தரையைப் பார்த்து. “உன்மேல குறை இல்லாதவரைக்கும் அவங்களுக்கு அது தேவைப்படாது. வெச்சா என்னை மேனேஜரா போடறோம்னாங்க.”

“முந்தாநாள் நான் அழுதப்போ தண்ணி கொண்டுவந்து கொடுத்தியேடா,” என்றாள்.

அதிகாரி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். “பொய்ப் புகாரை நீக்கச் சொல்ற படிவம் இது. எழுதினது யாருன்னு ஆதாரத்தோட சொன்னா இன்னிக்கே எடுத்துடுவாங்க. தெரியாதுன்னு போட்டா விசாரிக்க ஒரு வாரமாகும்.”

“தெரியாதுன்னு போடுக்கா,” என்று தம்பி அவள் கையைப் பிடித்தான். “என் பேர் வெளிய வந்தா எனக்கு எங்கேயும் வேலை கிடைக்காது. நான் உன் தம்பிக்கா.”

அவள் கையை உருவிக்கொண்டு, எழுதியவர் யார் என்று கேட்ட கட்டத்தில் அவன் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தாள். குழந்தையாக இருந்தபோது அவனுக்கு அந்தப் பெயரை வைத்ததே அவள்தான்.