சக்கரம் போகிற வழி

வீட்டில் எல்லோரும் அவளை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வாள். கூப்பிடாத பஞ்சாயத்துக்குப் போய் நடுவில் நிற்பாள். வயது பத்து. பிடிவாதமோ, தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் பெரிய திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்கால விடுமுறை வருகிறது. பஸ் ஓட்டும் அப்பாவுக்கும் மருந்துக் கடையில் வேலை செய்யும் அம்மாவுக்கும் சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல லீவு கிடைத்திருந்தது. அதுவே அதிசயம்தான். சனிக்கிழமை பனித்தரையில் சறுக்கி விளையாடுவது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நகரத்தின் நடுவில் இருக்கும் மணிக்கூண்டுத் திடலில் விளக்குப் போடுவதைப் பார்ப்பது என்று முடிவானது. அண்ணன் சறுக்கு என்ற சொல்லைக் கேட்டதுமே இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டான்.

"சித்தப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வெச்சிட்டுப் போயிடலாம். வெளிய எங்கயும் அலைய வேண்டாம் பாருங்க, அவருக்கும் நிம்மதி," என்றார் அம்மா.

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, ஆமாம், எனக்குக் குளிர் ஒத்துக்காது என்றார்.

பச்சைப் பொய். அது முந்திரிக்கொட்டைக்கு நன்றாகவே தெரியும். சித்தப்பா மின்சாரக்காரர். ஒவ்வொரு குளிர்காலமும் மணிக்கூண்டுத் திடலில் கம்பம் கம்பமாக ஏறி விளக்குச் சரம் கட்டுவது அவர்தான். ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது, ஒரு கிழிந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கம்பத்து உச்சியில் பாட்டுப் பாடிய மனிதர். அப்படிப்பட்டவர் போன வருடம் குளியலறை பல்பை மாற்ற முக்காலியில் ஏறி, வழுக்கி விழுந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அதுதான். முதுகில் பட்ட அடியில் கால்கள் இரண்டும் பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. இப்போது சக்கர நாற்காலிதான்.

"சித்தப்பா வரலன்னா நானும் வரல," என்றாள் முந்திரிக்கொட்டை.

அப்பா பொறுமையாகத்தான் சொன்னார். ரயில் ஏறணும், திடலுக்கு முன்னால் படிக்கட்டு இருக்கு, கூட்டம் நெரியும், அவரை வைத்துக்கொண்டு அல்லாட முடியுமா என்று கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். அதனால்தான் அவளுக்குக் கோபம் கூடுதலாக வந்தது. நியாயம் பேசுகிறவர்களை எதிர்ப்பதுதானே கஷ்டம்.

"வழி இருக்கும். நீங்க யாரும் தேடல. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் பாதி நாளோடு முடிந்தது. அப்பாவும் அம்மாவும் வேலையில் இருந்தார்கள். சித்தப்பா மதியச் சாப்பாடு முடிந்து கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படித் தூங்கினால் மாலைவரை எழுந்திருக்க மாட்டார். கட்டில் பக்கத்தில் நாற்காலி சும்மா நின்றது.

முந்திரிக்கொட்டை அதைப் பார்த்தாள். பிறகு சோபாவில் கிடந்த அண்ணனைப் பார்த்தாள்.

"நீ உட்காரு. நான் தள்ளுறேன். திடல் வரைக்கும் போய் வழி பார்த்துட்டு வந்துடலாம்."

அண்ணனுக்குப் பதின்மூன்று வயது. நடப்பது என்றாலே அவனுக்கு வேப்பங்காய். நடக்காமல் ஊர் சுற்றலாம் என்றால் கசக்குமா என்ன? மடியில் போர்வையைப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தான். அவள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஒரு முழு சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டாள். சக்கரம் போகிற இடத்தில் அம்புக்குறி, போகாத இடத்தில் பெருக்கல் குறி. அதுதான் ஏற்பாடு.

தெருமுனை நடைபாதையிலேயே முதல் பெருக்கல் குறி விழுந்தது. ரயில் நிலையத்தில் லிஃப்ட் இருந்தது, ஆனால் இரண்டு குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. தொட்டிகளை நகர்த்திவிட்டு ஒரு பெரிய அம்புக்குறி போட்டாள்.

டிக்கெட் கொடுக்கும் அம்மா கண்ணாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாவம். தம்பிக்கு என்ன வயசும்மா?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, தான் அவளுக்கு மூத்தவன் என்றும் வயது பதின்மூன்று என்றும் சொன்னான். அந்த அம்மா காதில் அது விழவே இல்லை. "தம்பிக்கு அரை டிக்கெட் போதுமா?" என்று மறுபடி அவளிடமே கேட்டார்.

ரயிலில் ஒரு பெரியவர் பையிலிருந்து மிட்டாய் எடுத்து முந்திரிக்கொட்டையிடம் நீட்டி, தம்பி சாப்பிடுவானா என்று விசாரித்தார். எதிர்சீட்டு அக்கா, தம்பிக்குக் குளிருதா என்று கேட்டார். ஆளாளுக்கு அவளைத்தான் கேட்டார்கள். அண்ணனுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"எனக்கு வாய் இருக்குல்ல? என்னைக் கேட்டா என்னவாம்?" என்று முணுமுணுத்தான்.

"கொஞ்சம் பேசாம இரு, தம்பி," என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மணிக்கூண்டுத் திடலின் வாசலில், அப்பா சொன்னபடியே அகலமான படிக்கட்டு இருந்தது. அவள் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி முதல் படியில் இழுத்துப் பார்த்தாள். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். சக்கரம் படியில் மாட்டிக்கொண்டு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. சுற்றி நாலு பேர், பாவம், பாவம் என்று உச்சுக்கொட்டினார்களே தவிர யாரும் கிட்டே வரவில்லை.

அண்ணன் இதையெல்லாம் எவ்வளவு நேரம்தான் பார்ப்பான்? போர்வையை உதறிவிட்டு எழுந்தான். நாற்காலியைத் தானே அலாக்காகத் தூக்கிக் கீழே வைத்தான்.

உச்சுக்கொட்டியவர்கள் வாயைப் பிளந்தார்கள். குடை வைத்திருந்த ஒரு தாத்தாவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான், நடிக்கிறான் பார் என்று குடையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டு பேரும் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில், நின்றபோதுதான் தெரிந்தது, ஒரு சோளப்பொரி வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறோம் என்று. அண்ணன் குனிந்து மூச்சு வாங்கினான். முந்திரிக்கொட்டையோ வண்டியின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடலுக்குள் இதே மாதிரி வண்டிகள் வரிசையாக நின்று பொரி விற்றுக்கொண்டிருந்தன. அவை எல்லாம் படியேறியா போயிருக்கும்?

"அண்ணே, உங்க வண்டி உள்ள எப்படிப் போகும்?" என்று பொரிக்காரரிடம் கேட்டாள்.

பொரிக்காரர் பேசவில்லை. வாய் நிறையப் பொரி. வா என்று தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளினார். தபால் நிலையத்தை ஒட்டி ஒரு சந்து. சந்து முடிவில் ஓர் இரும்புக் கதவு. அதற்குள்ளே, வழவழப்பான ஒரு சரிவுப் பாதை நேராகத் திடலின் நடுவுக்கே போனது. படி என்ற பேச்சே இல்லை.

அந்தச் சந்தில் அவள் போட்ட அம்புக்குறி ஒரு ஆள் நீளம் இருந்தது.

வெற்றி வீரர்களாக வீடு திரும்பினார்கள். கதவைத் திறந்ததும் அந்த வெற்றியெல்லாம் காற்று போன பலூன் ஆனது.

சித்தப்பா விழித்திருந்தார். கட்டிலிலிருந்து எட்டிப் பிடிக்க முயன்றதில் தண்ணீர்க் குடம் கவிழ்ந்து தரையெல்லாம் ஈரம். தலையணை கீழே கிடந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையே என்றிருந்தது அவளுக்கு.

"ரொம்ப நேரமா கூப்பிட்டேன்," என்றார். "நீங்க எடுத்துட்டுப் போனது நாற்காலி இல்ல. என் காலு."

முந்திரிக்கொட்டை கவிழ்ந்த குடத்தை நிமிர்த்தி வைத்தாள். தலையணையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். கடைசியில், உங்களுக்காகத்தான் சித்தப்பா, வழி பார்க்கப் போனோம் என்று அழுதுகொண்டே சொன்னாள்.

"எனக்காகன்னா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அண்ணன் ஈரத்தைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு வந்தான். குனிந்து துடைத்தபடியே, என்னையும் யாரும் கேட்கல சித்தப்பா என்று ஆரம்பித்தான். டிக்கெட் அம்மா, மிட்டாய்த் தாத்தா, அரை டிக்கெட், குடை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். குடை ஓங்கிய இடம் வந்தபோது சித்தப்பாவின் உதடு துடித்தது. தம்பி என்று இவளே கூப்பிட்டாள் என்றபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் முந்திரிக்கொட்டை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நேற்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்டாள்.

"சித்தப்பா, உங்களுக்கு வர ஆசையா?"

சித்தப்பா கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆசையில்லாமலா? இத்தனை வருஷம் நான்தான் சரம் மாட்டினேன். ஆனா விளக்கு எரியுற அந்த நிமிஷம் நான் ஸ்விட்ச் ரூம்ல இருப்பேன். வெளிய ஜனங்க ஓன்னு கத்துறது மட்டும் கேட்கும். கீழ நின்னு ஒரு தடவைகூட பார்த்ததில்ல."

அன்று இரவு மேசையில் அவரே பேசினார். "அண்ணா, நானும் வரேன். யாரும் என்னைத் தூக்க வேண்டாம். வழி இருக்கு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரும் முந்திரிக்கொட்டையைப் பார்த்தார்கள். அவள் தங்கம் போல வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். சந்தேகப்பட வேறு காரணமே வேண்டாம். நடந்தது வெளியே வந்தது. நாற்காலியை எடுத்ததற்கு அம்மாவிடம் இரண்டு பேருக்கும் நல்ல டோஸ் கிடைத்தது. அதற்குப் பிறகு அம்மா, ரயிலில் ஏற்றும்போது பெரிய சக்கரத்தை முதலில் ஏற்ற வேண்டுமா, சின்னதையா என்று விசாரித்தார்.

சனிக்கிழமை பனித்தரையில் அப்பா ஐந்தாறு முறை பொத்தென்று விழுந்தார். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த சித்தப்பா, இதுக்காகவே தினமும் வரலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்புக்குறிகளைப் பிடித்துக்கொண்டே போனார்கள். சந்து வந்தது. இரும்புக் கதவும் வந்தது. ஆனால் அன்று கதவு சாத்தியிருந்தது. முன்னால் ஒரு காவலாளி தொப்பியும் விசிலுமாக நின்றார்.

"இது வண்டி போற வழி. ஆளுங்க எல்லாம் படி வழியாத்தான் வரணும்," என்று அப்பாவிடம் சொன்னார். "இவரை ஏன் சார் இந்தக் கூட்டத்துல கூட்டிட்டு வந்தீங்க?"

அப்பா தயங்கினார். திரும்பிப் போய்விடலாமா என்பதுபோல அம்மாவைப் பார்த்தார்.

முந்திரிக்கொட்டை முன்னால் வந்து நின்றாள். "சோளப்பொரிக்கு வழி விடுவீங்க, எங்க சித்தப்பாவுக்கு விட மாட்டீங்களா? அப்ப படிக்கட்டை எடுத்துடுங்க. நாங்க அந்தப் பக்கமே வரோம்."

காவலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு மறுபடி அப்பாவிடமே, இவருக்கு உள்ள என்ன வேலை என்று கேட்டார்.

"அவரையே கேளுங்க," என்றான் அண்ணன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. "அவருக்கு வாய் இருக்கு."

காவலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நாற்காலியின் பக்கம் திரும்பிக் கொஞ்சம் குனிந்தார்.

"ஐயா, எங்க போகணும் நீங்க?"

"விளக்குப் பார்க்க," என்றார் சித்தப்பா. "நான் வருஷா வருஷம் சரம் கட்டின கம்பம் அது. கீழ இருந்து எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

கதவு திறந்தது.

திடலின் நடுவில் அவர்கள் போய் நிற்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. ஒரு நிமிடம் எங்கும் இருட்டு. அப்புறம் கம்பம் கம்பமாக, சரம் சரமாக, திடல் முழுவதும் பளீரென்று எரிந்தது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். அம்மாவும் கத்தினார்.

சித்தப்பா கத்தவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவும் இல்லை. பிறகு ஒரு கம்பத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"மூணாவது கம்பத்துல ஒரு பல்பு எரியல. எவன்டா கட்டினான்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பா தன் தம்பியின் தோளில் கை வைத்து, உன்னை வீட்டில் விட்டுவிட்டு வர இருந்தேனே என்றார். சித்தப்பா அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார்.

சந்து வழியாக வெளியே வந்து வீட்டுக்குக் கிளம்பும்போது முந்திரிக்கொட்டை பையைத் துழாவினாள். சாக்பீஸைக் காணோம். சித்தப்பாவையும் காணோம்.

எல்லோருமாக ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் முன்வாசல் படிக்கட்டுப் பக்கம் தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு போயிருந்தார். படியோரச் சுவரில், உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரத்தில், சந்துப் பக்கம் காட்டி ஒரு பெரிய அம்புக்குறி வரைந்திருந்தார். குழந்தை வண்டியோடு படியில் தவித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா அதைப் பார்த்துவிட்டு, வண்டியைச் சந்துப் பக்கம் திருப்பினார்.

விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஓடி வந்தார். சுவரைப் பார்த்தார். அப்பாவைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, நேராகச் சித்தப்பாவிடம் வந்து நின்றார்.

"ஐயா, இங்க கிறுக்கினது நீங்களா?"

"நான்தான்," என்றார் சித்தப்பா. கையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை வேட்டியில் துடைக்கக்கூட இல்லை. "கொஞ்சம் கோணலா வந்துடுச்சு. அடுத்த வருஷம் பெயிண்ட் கொண்டு வரேன்."